பனிப்புயல் நாளில் டிரைவ்வேயும் சாலையும்: ஒன்டாரியோ கிராமப்புறத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கான செய்முறை

டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் பல குளிர்காலங்களைக் கடந்தவர்கள்கூட, ஓவன் சவுண்ட், ஹனோவர் போன்ற ஊர்களின் சுற்றுவட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தால், பனியைப் பற்றித் தமக்குத் தெரிந்தது போதாது என்பதை முதல் டிசம்பரிலேயே உணர்ந்துவிடுவார்கள். ஹ்யூரன் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் உறையாமல் இருக்கும்வரை, அவற்றின் மேல் வீசும் கடுங்குளிர்க் காற்று நீரிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு வந்து, கரை கடந்ததும் ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டுகிறது. அதனால் வெயிலடிக்கும் சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டியதும், எதிரே எதுவுமே தெரியாத வெண்மைக்குள் நுழைய நேரிடும்.

படி 1: புயலுக்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை

வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். ஆகவே மலைச்சிகரமும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள குளிர்கால டயர்களை நான்கு சக்கரங்களுக்கும் மாட்டுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை என்றாலும், கிராமத்துச் சாலையில் இது இல்லாமல் ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டேங்கை நிரப்புங்கள். போர்வை, ஷவல், ஒரு மூட்டை மணல், டார்ச், தண்ணீர், உணவு ஆகியவற்றை வண்டியில் வையுங்கள். டிரைவ்வேயின் (வீட்டிலிருந்து சாலைவரை வண்டி போகும் பாதை) ஓரம் பனிக்கடியிலும் தெரிய, இரு ஓரங்களிலும் உயரமான குச்சிகளை, நிலம் உறைவதற்கு முன்பே நட்டுவிடுங்கள். வீட்டுக்குள்ளும் ஒரு ஷவல் இருக்கட்டும். கொட்டகையின் கதவையே பனி மூடிவிட்டால், உள்ளே இருக்கும் கருவியால் பயனில்லை.

படி 2: முதலில் குழாய்கள், பிறகுதான் வழி

வெளியே வந்ததும் எல்லோருக்கும் டிரைவ்வேதான் கண்ணில் படும். ஆனால் முதலில் போக வேண்டியது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றுக்குழாய்கள் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு. காற்று வாரிக் குவித்த பனி அவற்றை மூடினால், ஃபர்னஸ் நின்றுபோகலாம். அல்லது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம். ஸ்னோ புளோயரை (பனியை வாரி வீசும் இயந்திரம்) அங்கே கொண்டுபோகாமல் ஷவலாலும் கையாலும் சுற்றிலும் விலக்குங்கள்.

படி 3: டிரைவ்வே

புயல் ஓயட்டும் என்று காத்திருப்பதுதான் புதியவர்கள் எடுக்கும் தவறான முடிவு. பதினைந்து சென்டிமீட்டர் சேரும்போதெல்லாம் ஒரு முறை ஒதுக்கினால், ஒவ்வொரு முறையும் வேலை இலகுவாக இருக்கும். நாள் முழுதும் சேர விட்டால், அடியில் உள்ளது தன் எடையிலேயே இறுகி, ஷவல் இறங்காத பாளமாகிவிடும். தூக்கி வீசுவதைவிடத் தள்ளுவது நல்லது; தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், முழங்காலை மடக்கி, ஷவலைப் பாதி மட்டும் நிரப்புங்கள். நெஞ்சில் இறுக்கமோ மூச்சடைப்போ தோன்றினால் அந்த நொடியே நிறுத்தி 911 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள். ஆம்புலன்ஸும் இதே சாலைகளில்தான் வந்தாக வேண்டும்.

எங்கே ஒதுக்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாலையைப் பார்த்து நின்றால், உங்கள் பக்கத் தடத்தில் பனி அகற்றும் லாரி இடமிருந்து வலமாக வரும். அதன் தகடு சேர்த்துக்கொண்டு வரும் பனி, உங்கள் வாயிலின் திறப்பைக் கண்டதும் அங்கேயே கொட்டிவிடும். இதைக் குறைக்க, பனியை வலப்பக்கத்தில் குவித்து, இடப்பக்கத்தில் சாலையோரமாகச் சில மீட்டர் நீளத்துக்கு ஒரு வெற்றிடத்தை வெட்டி வையுங்கள். தகட்டில் உள்ள பெரும்பகுதி அங்கே இறங்கிவிடும். எஞ்சும் வரப்பு, உப்பும் ஐஸ் கட்டிகளும் கலந்து சிமெண்ட் போல இறுகுவதற்குள் உடைத்துவிடுங்கள். அதை எதிர்ப்புறச் சாலையோரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். சாலையில் பனியைக் கொட்டுவது இங்கே குற்றம்.

ஸ்னோ புளோயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: ஈரப்பனி வீசுகுழாயில் அடைத்துக்கொண்டால், எஞ்சினை அணைத்து, சுழலி முற்றிலும் நின்ற பிறகு, கருவியோடு வரும் குச்சியால் மட்டுமே குத்தி எடுங்கள். அணைத்த பின்னும் உள்ளே தேங்கிய விசை சுழலியை ஒரு சுற்று உதறக்கூடும். விரல்கள் போவது அப்படித்தான்.

சாதாரண உப்பு மைனஸ் பத்துக்குக் கீழே ஏறக்குறைய வேலை செய்யாது. அப்போது மணல் தூவுங்கள்.

படி 4: கிளம்பலாமா என்று தீர்மானிப்பது

ஒன்டாரியோ 511 சேவையில் சாலை நிலவரத்தைப் பாருங்கள். மூடப்பட்ட சாலை என்றால் பேச்சே இல்லை. 2010 டிசம்பரில் ஒன்டாரியோவிலுள்ள லண்டன் நகருக்கும் சார்னியாவுக்கும் இடையே 402-ஆம் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கானோர் வண்டிகளோடு சிக்கிக்கொண்டபோது, ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்துதான் பலரை மீட்டன.

படி 5: ஓட்டுவது

கூரை, முன்மூடி, விளக்குகள் அனைத்திலும் உள்ள பனியைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஹெட்லைட்டை நீங்களே போடுங்கள். தானாக எரியும் பகல் விளக்கை நம்பினால், பல வண்டிகளில் பின்விளக்கு எரியாது. ஹை பீம் வேண்டாம். விழும் பனி அவ்வொளியை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

மரவரிசையோ களஞ்சியமோ முடிந்து திறந்த வயல் தொடங்கும் இடத்தில், காற்று சாலையின் குறுக்கே பனியை நாக்கு நாக்காக நீட்டியிருக்கும். அதில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். ஆகவே மறைப்பு முடியும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கன்செஷன் ரோடுகள் எனப்படும் கிராமத்து நேர்சாலைகளின் ஸ்டாப் பலகைக்கு முன்னுள்ள சில மீட்டர்கள், நின்று கிளம்பிய சக்கரங்களால் கண்ணாடியாகத் தேய்ந்திருக்கும். பிரேக்கை அங்கே அல்ல, வெகு முன்பே தொட வேண்டும். வண்டி வழுக்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புங்கள். நீல விளக்கு மினுக்கும் பனி லாரியை முந்த முயலாதீர்கள். அதன் பின்னால்தான் அன்றைக்கு உள்ளதிலேயே நல்ல சாலை இருக்கிறது.

படி 6: சிக்கிக்கொண்டால்

சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் அடியில் ஐஸ் குழிதான் உண்டாகும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தோண்டி, மணல் போட்டு, மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நகரவில்லை என்றால் 911-ஐ அழைத்துவிட்டு வண்டிக்குள்ளேயே இருங்கள்; தெரியும் வீட்டு விளக்கை நோக்கி நடப்பது, அது எவ்வளவு அருகில் இருப்பதாகத் தோன்றினாலும், வேண்டாம். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட விடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை விலக்கி, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வையுங்கள்.