பல மின்னூலகப் பட்டியல்களில் ஒரே சீராகத் தேட

உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூல்களைத் தேடுவோருக்குத் தமிழ் மின்னூலகம், இலங்கையின் ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், மதுரைத் திட்டம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் எனப் பல பட்டியல்கள் இன்று கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. ஆனால் அவர் பெயரே சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. எனப் பலவாறு வழங்குவதால், ஒரு வடிவத்தைக் கொண்டு தேடுபவர் மற்ற வடிவங்களில் பதிவான நூல்களைத் தவறவிட்டு, இருக்கும் நூலை இல்லை என்றே முடிவு செய்துவிடுகிறார். பல பட்டியல்களை ஒருங்கே தேடும் வசதியை அமைப்போர் இந்த இழப்பைப் பெருமளவு தடுக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, மூலப் பதிவுகளைத் திருத்துவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முகப்புப் பக்கத்தில் அச்சிட்டபடியே தலைப்பும் பெயரும் இருக்கட்டும். அது அந்தப் பதிப்பைப் பற்றிய சான்று. சீராக்க வேண்டியது, ஒவ்வொரு பதிவோடும் வாசகர் கண்ணில் படாமல் சேர்த்துவைக்கும் தேடல் வடிவத்தை மட்டுமே. வாசகர் தட்டச்சிடும் சொல்லும் அதே விதிகளின் வழியாகவே சென்றாக வேண்டும். கூடவே, விடை தெரிந்த ஐம்பது தேடல்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பட்டியலில் எத்தனை பதிவுகள் வருகின்றன என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். பிழைகள் மிகுதியாக ஒளிந்திருப்பது இங்கேதான். கொ என்னும் எழுத்தில் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இரு துண்டாகவும் சேமிக்கப்பட்டிருக்கலாம். என்எஃப்சி எனப்படும் ஒருங்குறி (யூனிகோடு) இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் கௌதமன் என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் கெளதமன் என்று உள்ளிட்டிருந்தால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அந்த இயல்பாக்கத்தால் பயனில்லை. ஒற்றைக்கொம்பு மட்டும் பெற்ற எழுத்தை அடுத்து, புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத ளகரம் வந்தால் அதை ஔகாரமாகக் கொள்ளும் தனி விதி தேவை. தெளிவு, வெள்ளம் போன்ற சொற்களை இவ்விதி தொடாது. ஸ்ரீயும் அப்படியே. ஒருங்குறியில் ஶ 2005இல்தான் சேர்ந்தது என்பதால், அதன் அடிப்படையில் அமைந்த வடிவமும் ஸகர அடிப்படையில் அமைந்த பழைய வடிவமும் பட்டியல்களில் கலந்தே கிடக்கின்றன.

ரோமன் எழுத்துப் பதிவுகளுக்காக ā, ñ போன்றவற்றின் மேற்குறிகளை நீக்கும் வடிகட்டியைப் பயன்படுத்துவோர், அது தமிழ் மெய்ப்புள்ளியையும் நீக்குகிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். நீக்கினால் கல்வியும் கலவியும் ஒன்றாகிவிடும்.

சந்திக்கு எளிய விதி போதும். ஒரு சொல் க், ச், த், ப் ஆகியவற்றுள் ஒன்றில் முடிந்து, அடுத்த சொல் அதே இன எழுத்தில் தொடங்கினால், தேடல் வடிவத்தில் அந்த ஒற்றை விட்டுவிடலாம். தமிழ்ச் சிறுகதை, தமிழ் சிறுகதை இரண்டும் சேர்ந்து கிடைக்கும். தலைப்பை இடைவெளி நீக்கியும் ஒரு வடிவமாகச் சேமித்தால், சீவக சிந்தாமணி எப்படிப் பிரிந்திருந்தாலும் அகப்படும்.

பெயர்களுக்கு மட்டும் எழுத்து விதி எதுவும் போதாது. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்பதைக் கணினி ஊகிக்க இயலாது. ஆகவே ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அவருடைய எல்லாப் பெயர் வடிவங்களையும், ரோமன் வடிவங்கள் உட்பட, அந்த எண்ணின் கீழ்த் தொகுக்கும் பெயர்க் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். பல நாட்டு நூலகங்களின் பெயர்க் கோப்புகளை இணைக்கும் வயாஃப் எண்ணையும் அதில் குறித்துவைத்தால், வெளிநாட்டுப் பட்டியல்களோடு பொருத்துவது எளிதாகும். முன்னெழுத்து ஒத்திருப்பதை மட்டும் நம்பி இருவரை ஒருவராக்கிவிடாதீர்கள்; புதுமைப்பித்தன் 1906-1948 என்பதுபோல ஆண்டுகளையும் ஒப்பிட்ட பின்னரே இணைக்க வேண்டும்.

ஆண்டிலும் கவனம் தேவை. திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31ஐக் கழித்தால் பொது ஆண்டு கிடைக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயரான பிரபவ என்று மட்டும் அச்சிட்ட நூலோ 1867, 1927, 1987 ஆகியவற்றுள் எதில் தொடங்கிய ஆண்டையும் குறிக்கலாம். அச்சகத்தின் காலமோ ஆசிரியரின் காலமோ தெரியாமல் ஒன்றைத் தேர்ந்து நிரப்பக் கூடாது.

ர-ற, ல-ள-ழ வேறுபாட்டை அழித்துவிடலாம் என்ற ஆசை எவருக்கும் எழும். அறம் தேடுபவர்முன் அரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் அந்த வழி வேண்டாம். பதிவு எதுவும் கிடைக்காதபோது மட்டும் மாற்று எழுத்தைப் பரிந்துரையாகக் காட்டுங்கள். ஒவ்வொரு விதியைச் சேர்த்த பின்னும், ஒவ்வொரு நூலகத்திலிருந்தும் புதிய பதிவுகள் வந்து சேர்ந்த பின்னும், அந்த ஐம்பது தேடல்களை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். தொடர்பில்லாத பதிவுகளைக் கூட்டிவரும் விதி எதுவென்று அப்போது தெரிந்துவிடும். அதை உடனே எடுத்துவிடுங்கள்.