இலவசக் கண்புரை முகாம்: ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரச ஆஸ்பத்திரியில் கண்புரை ஓபரேசன் இலவசம்தான்; ஆனால் தவணைக்குக் காத்திருக்க வேண்டும். தனியாரில் கட்டக் காசோ காப்புறுதியோ இல்லாதவர்கள் முகாமை நம்பி வருகிறார்கள். கண் நிபுணர் தன் ஓய்வு நாளைத் தருகிறார். திருகோணமலையில் புதிதாக முகாம் நடத்த வரும் சங்கங்கள் அந்த நாளைப் பழைய பிழைகளிலேயே தொலைப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

டோர்ச் அடித்து ஆள் எடுப்பது

கண்மணியில் வெள்ளை தெரிந்தால் போதாது. கண் அழுத்தமும் விழித்திரையும் பார்க்க வேண்டும். குளுக்கோமா என்ற கண் அழுத்த நோயால் நரம்பு கெட்டிருந்தால் லென்ஸ் மாற்றினாலும் இழந்த பார்வை வராது.

குளிசைப் பையை மறப்பது

கிளினிக் கொப்பியும் எல்லாக் குளிசைகளும் கூடவே வர வேண்டும். ஐயாமார் சலத்துக்குப் போடும் டாம்சுலோசினை யாரும் சொல்வதில்லை. அது கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்தும். ஓபரேசன் நடுவில் கண்மணி சுருங்கிவிடலாம். அன்று காலை நிறுத்தியும் பலனில்லை. முன்பே தெரிந்தால் நிபுணர் ஆயத்தமாக இருப்பார்.

இரண்டு கண்ணும் ஒரே நாளில்

முகாமில் வேண்டாம்.

கட்டு அவிழ்த்ததும் முடிந்தது என்று நினைப்பது

இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மறுநாள் கட்டை அவிழ்க்கிறார்கள், அம்மா பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறா, படம் எடுக்கிறார்கள், பஸ் ஈச்சிலம்பற்றுக்குப் போய்விடுகிறது. நாலாம் நாள் கண் சிவந்து, குத்தி, பார்வை மங்குகிறது. "புண் ஆறேக்க நோகும்தானே" என்று பொறுத்திருக்கிறா. கண்ணுக்குள் கிருமி போயிருந்தால் சொட்டு மருந்து போதாது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், அதுவும் உடனே. ஒரு நாள் பிந்தினாலும் கண் போகலாம்.

ஆகவே ஓபரேசனுக்கு முன்பே மறுநாள், ஒரு கிழமை, ஒரு மாதம் என்று மூன்று தவணைகளை நிபுணரோடு பேசிக் குறியுங்கள். யார் பார்ப்பார், பஸ் காசு யார் தருவார் என்பதும் அன்றே முடிவாக வேண்டும். நிபுணர் கொழும்பு திரும்புமுன் எந்தக் கண், என்ன லென்ஸ், என்ன மருந்து என்று கடிதம் எழுதி வாங்கி, உள்ளூர்க் கண் கிளினிக்கில் கொடுங்கள். நோவு, சிவப்பு, மங்கல்: மூன்றில் எது வந்தாலும் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் கொடுத்து, வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள்.

சொட்டு மருந்து நிபுணர் சொன்ன கடைசி நாள் வரை போதுமான அளவு கையில் இருக்க வேண்டும். கீழிமையை இழுத்து ஒரு துளி. போத்தல் நுனி கண்ணில் படக்கூடாது. இரண்டு மருந்துக்கிடையில் 5 நிமிடம்.

லென்ஸ் ஸ்டிக்கரை எறிவது

லென்ஸ் பெட்டியோடு வரும், அதன் விபரம் உள்ள ஸ்டிக்கரைக் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள்.