முதல் செஸ் போட்டியில் கை நடுங்குகிறதா? இப்படிச் செய்து பாருங்கள்

போட்டிக்குக் கிளம்புகிறவரிடம் "பயப்படாதே" என்று சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வீட்டில் அப்பாவையும் அண்ணனையும் ஊதித் தள்ளுகிற பிள்ளைக்கும் பயம் வரும், நாற்பது வயதில் முதல்முறை பெயர் கொடுக்கிறவருக்கும் வரும். கோலாலம்பூர் வார இறுதிப் போட்டிகளில் புது ஆட்டக்காரர்களைக் கவனித்தால் ஒன்று புரியும்: நெஞ்சு படபடக்கும்போது கை மூளையை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது, ஆட்டம் கெடுவது அங்கேதான். அதனால் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் கையைப் பற்றியது.

படி 1: ஒரு வாரம் முன்பே போனை ஓரம் வையுங்கள்

போனிலேயே ஆடிப் பழகியவருக்கு நிஜப் பலகை வேறு உலகம். செயலி தப்பான நகர்த்தலை விடாது, ராஜாவுக்குச் செக் வந்தால் காட்டிக்கொடுக்கும். பலகை வாயே திறக்காது. போட்டி அறிவிப்பில் நேரம் போட்டிருக்கும், உதாரணத்துக்கு 25 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 வினாடி கூடுதல் என்று. அதே நேரத்தைக் கடிகாரத்தில் வைத்து, மேசையில், எதிரே ஒரு ஆளை உட்காரவைத்து நாலைந்து ஆட்டமாவது ஆடுங்கள். கடிகாரம் இல்லையென்றால் போனில் செஸ் கடிகாரச் செயலி போதும், அதற்கு மட்டும் போனை எடுக்கலாம்.

படி 2: விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்களின் பயத்தில் பெரும்பங்கு இதுதான்: ஏதாவது தப்பாகச் செய்து எல்லோர் முன்னிலும் மாட்டிக்கொள்வோமோ என்று. அடிக்கடி மாட்டவைக்கும் விதிகள் கொஞ்சம்தான்.

தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்வதென்றால், உங்கள் முறையில், தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்தவேண்டும். கோட்டை கட்டும்போது (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தும் காஸ்லிங்) ராஜாவை முதலில் தொடுங்கள், ஒரே கையால் முடியுங்கள். பதற்றத்தில் யானையை முதலில் பிடித்தால் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது, யானையைத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். விதிக்கு மாறான நகர்த்தலைச் செய்து கடிகாரத்தை அழுத்திவிட்டால், ரேபிட் ஆட்டத்தில் (மேலே சொன்ன 25 நிமிடம் போன்ற குறுகிய நேர ஆட்டம்) எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாவது தடவை என்றால் பெரும்பாலும் தோல்விதான். போனை அணைத்து அம்மா அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், அது சட்டைப் பையில் இருந்து சிணுங்கினால் ஆட்டமே போய்விடலாம்.

சந்தேகம் வந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்துங்கள், நடுவர் வருவார். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டும்போது பக்கத்தில் ராணி இல்லாவிட்டாலும் இதையேதான் செய்யவேண்டும். ஆங்கிலம் வரவில்லையே என்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலர் கூச்சப்பட்டு வாயே திறப்பதில்லை. மலாயில் சொல்லுங்கள், கலந்தடித்துச் சொல்லுங்கள், நடுவர்களுக்கு அதெல்லாம் பழகிப்போன விஷயம்.

படி 3: காலை

சீக்கிரம் கிளம்புங்கள், ரோட்டி சானாயோ இட்லியோ அளவாகச் சாப்பிடுங்கள், கோப்பி ஓ ரெண்டாவது கிளாஸ் வேண்டாம் (கை நடுங்குகிறவர்களுக்கு முதல் கிளாஸே அதிகம்). ஒரு குளிர்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி பேரங்காடியில் நடந்தால், அங்கே ஏர்கோனில் விரல் விறைத்தால் அதையும் பயம் என்றே நினைத்துக்கொள்வோம்.

படி 4: முதல் சுற்றின் கணக்கு

இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. நம் ஊர்த் திறந்த போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடப்பவை. வழக்கமான முறையில், 100 பேர் என்றால் தரவரிசையில் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் முதல் சுற்றில் ஜோடி சேர்ப்பார்கள்: முதலாமவருக்கு 51, இரண்டாமவருக்கு 52. நீங்கள் ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) இல்லாமல் 80ஆம் இடத்தில் இருந்தால் எதிரே வருபவர் 30ஆம் இடத்துக்காரர். தோற்க வாய்ப்பு அதிகம்தான், ஆனால் யாரும் வெளியே போவதில்லை. அடுத்த சுற்றில் உங்களைப்போலவே புள்ளி எடுத்தவர் வருவார், அங்கேதான் உங்கள் போட்டி ஆரம்பம். எதிராளியின் ரேட்டிங்கைத் தோண்டிப் பார்த்துவிட்டுப் போய் உட்காராதீர்கள். எதிரே கால் தரையில் எட்டாத குட்டிப் பையன் உட்கார்ந்திருந்தால் அலட்சியமும் வேண்டாம், அது வேறுவிதமான ஆபத்து.

படி 5: பலகை முன்னால்

ஐந்து நிமிடம் முன்பே உட்காருங்கள். ஒவ்வொரு காயையும் கட்டத்தின் நடுவில் மெதுவாக வையுங்கள். மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள், நாலைந்து முறை. 2024 டிசம்பரில் பக்கத்துச் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷ்கூட பலகை முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதனால் யாராவது சிரிப்பார்களோ என்ற கவலையை விடுங்கள்.

ஆட்டம் தொடங்கியதும் ஒரே ஒரு பழக்கம்: எதிராளி நகர்த்தும்போது உங்கள் இரண்டு கையும் தொடைக்கு அடியில். நிஜமாகவே அதன்மேல் உட்காருங்கள். அவர் கடிகாரத்தை அழுத்தியதும் மனதுக்குள் கேளுங்கள்: இந்தக் காய் இப்போது எதை மிரட்டுகிறது? அப்புறம், நான் நினைக்கிற நகர்த்தலுக்கு அவர் என்ன செக் கொடுக்கலாம், எதை வெட்டலாம்? இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் கை வெளியே வரவேண்டும். நேரம் மிகக் குறைந்துவிட்டால் மட்டும் விதிவிலக்கு. நீண்ட நேர ஆட்டமாக இருந்து நகர்த்தல்களை எழுதவேண்டியிருந்தால் இன்னும் வசதி, அவருடைய நகர்த்தலை முதலில் எழுதிவிட்டு யோசியுங்கள், பேனா உங்களை நிதானப்படுத்தும். உங்கள் நகர்த்தலை மட்டும் ஆடுவதற்கு முன்பே எழுதக்கூடாது, விதி அனுமதிக்காது.

ஜெயிக்கிற நிலையில் இருக்கும்போதுதான் பலருக்கு நடுக்கம் அதிகம், அப்போதும் இதே கேள்விகள்தான்.

படி 6: கவனிக்காமல் காயை வெட்டுக்கு விட்டுவிட்டால்

விட்ட அடுத்த நொடி "ஐயோ" என்று தலையில் கை வைக்காதீர்கள். எதிராளி இன்னும் பார்த்திருக்கவே மாட்டார். 2014இல் சோச்சி உலகச் சாம்பியன் போட்டி, ஆறாவது ஆட்டம்: கார்ல்சன் 26ஆவது நகர்த்தலில் ராஜாவைத் தப்பான கட்டத்துக்கு நகர்த்தினார். ஆனந்த் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே திரும்பியிருக்கும். கவனிக்காமல் ஓரத்துச் சிப்பாயை முன்னே தள்ளினார், கடைசியில் ஜெயித்தது கார்ல்சன். அவர்களுக்கே இப்படி என்றால் நம் மேசையில் கேட்கவே வேண்டாம். முகத்தை மாற்றாமல் இருங்கள், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், திரும்பி வந்து பலகையை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதாகப் பாருங்கள்.

படி 7: சுற்றுகளுக்கு இடையில்

இது பெற்றோருக்கு. பிள்ளை கதவைத் தாண்டி வந்ததும் "வின்னா, லூஸா" என்று கேட்காதீர்கள், முகமே சொல்லிவிடும். "பசிக்கிதா" என்று கேளுங்கள். ஆட்டத்தை அலசுவதெல்லாம் வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம், இப்போது அரைமணி நேரம் வெளியே நடக்கட்டும். ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள்: முடிவுச் சீட்டில் புள்ளியைச் சரியாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்களா என்று. ஜெயித்த சந்தோஷத்தில் அதைத் தலைகீழாக எழுதிவிட்டு ஓடிவருகிற பிள்ளைகள் நிறைய.