கேசட் கச்சேரியைக் கணினிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பழைய தனி வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகளாகும்போதெல்லாம் பரணிலிருந்து கேசட்டுகள் இறங்குகின்றன. வானொலியில் ஒலிபரப்பானபோது பிடித்தவை, சபாவில் முன்வரிசையில் அமர்ந்து பதிந்தவை, கல்யாணக் கச்சேரியில் மேடையோரம் டேப் ரிக்கார்டரை வைத்து எடுத்தவை என்று அவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. இவற்றைக் கணினிக்கு மாற்றிச் சீர்செய்து சிடியில் எழுதித் தரும் வேலையை நான் நெடுங்காலமாக மயிலாப்பூரில் செய்து வருகிறேன். இப்போது இளைஞர்கள் பலர் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டு தாங்களே இதில் ஈடுபடுவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது, எழுதிவைப்பது கடமை என்று தோன்றுகிறது. பதிவின் அளவு சிவப்பைத் தொடக் கூடாது, அவ்வப்போது சேமிக்க வேண்டும் என்பன போன்ற அடிப்படைகள் எல்லா வழிகாட்டிகளிலும் உள்ளன. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஹெட்டின் கோணத்தைப் பார்க்காமல் பதிவைத் தொடங்குவது

கேசட்டைப் பதிந்த கருவியின் ஹெட்டும் (நாடாவைத் தொட்டுப் பதியும், படிக்கும் பாகம்) இன்று நாம் ஓட்டும் கருவியின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இருப்பது அரிது. கோணம் சற்று விலகினாலும் உயர் அதிர்வெண்கள் மங்கிவிடும். வயலினின் வில் உராய்வும் மிருதங்கத்தின் சாப்பும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். புதியவர்கள் இதை மென்பொருளில் ட்ரெபிளைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். பதிவுக்குள்ளேயே வராத ஒலியைக் கூட்ட முடியாது; கூடுவது நாடாவின் இரைச்சல் மட்டுமே. ஹெட்டைச் சுத்தம் செய்தபின், ஒலியை மோனோவில் கேட்டுக்கொண்டே ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறிய திருகை மெல்லத் திருப்பி, இரைச்சலும் சாப்பும் எந்த இடத்தில் மிகத் தெளிவாக ஒலிக்கின்றனவோ அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

சுருதியைத் திருத்தப் பிட்ச் கருவியை எடுப்பது

பேட்டரி தளர்ந்த நிலையில் பதிந்த நாடா, பதிவின்போது மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக் கேட்கும். வேகத்தில் ஏறத்தாழ 6 சதவீத வித்தியாசம் இருந்தால் அரைக் கட்டை மாறிவிடும். இங்கே மாறியிருப்பது சுருதி மட்டும் அன்று, காலப்பிரமாணமும் (பாட்டின் வேகமும்) சேர்ந்தே மாறியிருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாக மாற்றும் ஸ்பீடு கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். பிட்ச் கருவி காலத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுருதியை மட்டும் நகர்த்துவதால், லயம் தவறாகவே நிற்பதோடு கமகங்களின் மீது ஒரு செயற்கையான பூச்சும் ஏறிவிடும். பேட்டரி கச்சேரியின் நடுவில் இறங்கிக்கொண்டே போயிருக்கக்கூடும் என்பதால், தம்பூராவின் ஷட்ஜத்தை (ஆதார ஸ்வரமான 'ஸ'வை) தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் அளந்து பார்த்த பிறகே திருத்தத்தில் இறங்குங்கள்.

தம்பூராவை இரைச்சல் என்று கருவிக்குக் கற்றுக்கொடுப்பது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த ஒரு தவறுதான்.

ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்னும் இரைச்சல் குறைக்கும் கருவி இரண்டு கட்டங்களாக வேலை செய்கிறது. முதலில், இரைச்சல் மட்டும் உள்ள ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கருவிக்குக் காட்டுகிறோம். கருவி அதை நூற்றுக்கணக்கான குறுகிய அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சல் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. அடுத்த கட்டத்தில் முழுப் பதிவையும் அதே பட்டைகளாகப் பிரித்து, குறித்துவைத்த உயரத்தைத் தாண்டாத ஒலியை எல்லாம் தாழ்த்திவிடுகிறது. எது இசை, எது இரைச்சல் என்று கருவிக்குத் தானாகத் தெரியாது. நாம் காட்டியதுதான் அதற்கு இரைச்சல்.

வழிகாட்டிகள் 'யாரும் பேசாத அமைதியான பகுதியைத் தேர்ந்தெடுங்கள்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. பேச்சுப் பதிவுக்கு அது பொருந்தும். நம் கச்சேரியிலோ பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே தம்பூரா ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. அலைவடிவத்தில் அமைதியாகத் தெரியும் அந்த மெல்லிய கீற்றுக்குள் ஷட்ஜமும் பஞ்சமமும் அவற்றின் மேல்நிலை அதிர்வுகளும் நிறைந்திருக்கின்றன. அதை இரைச்சல் என்று காட்டினால் தம்பூரா மறையும். அதோடு முடிந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாடகரின் குரலும் அதே சுருதியில்தான் நிற்கிறது. ஆலாபனையில் அவர் சஞ்சாரம் செய்து முடித்து ஷட்ஜத்தில் வந்து கார்வை கொடுக்கும்போது (ஸ்வரத்தை நீட்டி நிற்கும்போது), குரலின் அதிர்வெண்களும் தம்பூராவின் அதிர்வெண்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. கார்வை மெலியத் தொடங்கியவுடன் கருவி அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாக மூடுகிறது. ஒரு கலைஞர் மூச்சை அடக்கி இழைத்து இழைத்து முடித்த அந்த இடம், உலோகத் துகள்கள் உதிர்வதுபோன்ற கிணுகிணுப்பாக உடைந்து போகிறது. உரத்த இடங்கள் தப்பிவிடுகின்றன. மிக நுட்பமான இடங்கள்தாம் சிதைகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் மாம்பலத்திலிருந்து ஓர் இளைஞர் பென் டிரைவோடு வந்தார். அவருடைய பாட்டி கல்யாணத்தில் நடந்த கச்சேரி. தாமே சுத்தம் செய்துவிட்டதாகவும், சிடியில் எழுதித் தந்தால் போதும் என்றும் சொன்னார். ஹெட்போனில் கேட்டேன். குரல் எழும்போது தம்பூராவும் கூடவே எழுந்தது. குரல் நின்றதும் தம்பூராவும் அறுந்து விழுந்தது. அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் இடைவிடாமல் ஓட வேண்டிய கிடைக்கோடுகள் குரல் உள்ள இடங்களில் மட்டும் துண்டு துண்டாகத் தெரிந்தன. எந்தப் பகுதியை மாதிரியாக எடுத்தார் என்று கேட்டதற்கு, "பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான் சார், அதுல யாருமே பாடலையே" என்றார். மாற்றாத மூலக் கோப்பைக் கேட்டேன். அதே பெயரில் அதன் மேலேயே சேமித்திருந்தார். கேசட்டைக் கேட்டேன், கணினிக்கு வந்துவிட்டதே என்று வீட்டில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். அந்த இளைஞர் மீது எனக்கு வருத்தம் இல்லை. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பொத்தானைக் காட்டிவிட்டு விளைவைச் சொல்லாத வழிகாட்டிகள் மீதுதான் இன்றும் கோபம் வருகிறது. அந்தக் கச்சேரியை இனி யாராலும் மீட்க முடியாது.

செய்ய வேண்டிய முறை கடினமானது அன்று. பதிவுப் பொத்தானை அழுத்தியபின் தம்பூரா தொடங்குவதற்கு முன்பு ஓரிரு நொடிகள் கிடைத்தால் அதை மாதிரியாகக் கொள்ளுங்கள். கேசட் பக்கத்தின் முடிவில் எதுவுமே பதியாத வெற்று நாடாவை எடுக்காதீர்கள். பதிவான நாடாவில் மைக், ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றின் இரைச்சலும் சேர்ந்திருக்கும் என்பதால் இரண்டும் வேறு வேறு. குறைப்பின் அளவை 6 டெசிபெல்லில் தொடங்குங்கள். பிறகு, பலரும் தொட்டுக்கூடப் பார்க்காத ரெசிடியூ என்னும் தெரிவை அழுத்துங்கள். கருவி எதை எடுத்து வெளியே போடப் போகிறதோ அதை மட்டும் உங்களுக்குக் கேட்கத் தரும். அதில் வெறும் 'ஸ்ஸ்' என்ற ஒலி இருந்தால் சரி. ஒரு ஸ்வரத்தின் சாயலோ தம்பூராவின் ரீங்காரமோ கேட்டால் அமைப்பு தவறு. தூய்மையான மாதிரி எங்குமே கிடைக்கவில்லை என்றால், இரைச்சலோடு விட்டுவிடுவதே உத்தமம். கேட்பவரின் காது சில நிமிடங்களில் இரைச்சலுக்குப் பழகிவிடும். உடைந்த கார்வைக்குப் பழகாது.

மின்சார உறுமலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உறுமல் 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் வரும். அங்கே குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்ட்டர் போடுவது சரியான வழிதான். ஆனால் 2 கட்டை சுருதியின் ஷட்ஜம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். 150இல் அகலமாக வெட்டினால் ஆதார ஷட்ஜமே போய்விடும். பாடகரின் சுருதியை முதலில் அளந்து, வெட்டு எவ்வளவு குறுகலாக இருக்கலாம் என்பதைப் பிறகு முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, நாடாவிலிருந்து வந்த ஒலியை எந்தத் திருத்தமும் இல்லாமல் 24 பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, ரீட் ஒன்லியாக மாற்றி, வேறொரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். ப்ராஜெக்டை மூடியவுடன் ஆடாசிட்டியில் அன்டூ வரலாறு அழிந்துவிடும் என்பதால், திரும்பிப் போகும் வழி அந்தக் கோப்பு ஒன்றுதான். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே நார்மலைஸ் செய்வது

வேண்டாம். உச்ச ஒலியளவை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் அந்தக் கருவியால் மெல்லிய விருத்தமும் தனி ஆவர்த்தனமும் ஒரே உரப்பில் ஒலிக்கும். கச்சேரி முழுவதையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே முறை செய்யுங்கள்.

எம்பி3யைத் திருத்தி மீண்டும் எம்பி3யாகச் சேமிப்பது

ஒவ்வொரு சேமிப்பிலும் ஒலி இழப்பு கூடும். 320 கேபிபிஎஸ் என்று தேர்ந்தெடுத்தாலும் முன்பு போனது திரும்பாது. வேலை முடியும்வரை வேவ், பாதுகாக்க ஃபிளாக் (இழப்பின்றிச் சுருக்கும் வடிவம்), அனுப்புவதற்கு மட்டும் எம்பி3.

பழைய ஆடாசிட்டி ப்ராஜெக்டில் சிறிய கோப்பை மட்டும் நகலெடுப்பது

2021இல் வந்த 3.0 பதிப்புக்கு முன்பு ப்ராஜெக்ட் கோப்பில் ஒலி இல்லை; அது முழுவதும் பக்கத்திலிருந்த டேட்டா ஃபோல்டருக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டால் ஒன்றும் திறக்காது.

பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும்படி சிடி எழுதுவது

ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்குகளாகப் பிரித்து எழுதியபின், தானம் தொடங்கும் இடத்தில் 2 நொடி மௌனம் விழுகிறது என்று பலர் கேட்கிறார்கள். எழுதும் மென்பொருளில் டிராக் அட் ஒன்ஸ் என்ற முறை தேர்வாகியிருந்தால் அப்படித்தான் வரும். டிஸ்க் அட் ஒன்ஸ் முறையைத் தேர்ந்து, டிராக் இடைவெளியைப் பூஜ்யமாக்க வேண்டும். அதன் பிறகும் சிலருக்கு இணைப்பில் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். ஆடியோ சிடியில் ஒரு நொடி 75 ஃபிரேம்களாகப் பிரிகிறது. ஒரு ஃபிரேமுக்கு 588 சாம்பிள்கள் (ஒலியின் அளவெடுப்புகள்). டிராக்கை வெட்டிய இடம் ஃபிரேமின் எல்லையில் அமையாவிட்டால், மிச்ச இடத்தை எழுதும் மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். அந்தச் சிறு மௌனமே 'டக்' ஆகிறது. ஆகவே முதலில் 44,100 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டு, ஆடாசிட்டியின் நேர வடிவத்தைச் சிடிடிஏ ஃபிரேமுக்கு மாற்றி, தேர்வை ஃபிரேம் எல்லையில் நிறுத்தும் ஸ்னாப்பை இயக்கிவிட்டு வெட்டுங்கள். 24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு இறங்குவதை டிதரோடு (மிக மெல்லிய இரைச்சலைச் சேர்த்துச் சிதைவை மறைக்கும் முறை), கடைசியில், ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

ஆடியோ சிடியையும் டேட்டா சிடியையும் ஒன்றென எண்ணுவது

80 நிமிடக் கச்சேரியின் வேவ் கோப்பு 800 எம்பியைத் தாண்டுகிறது. சிடியின் உறையில் 700 எம்பி என்று இருக்கிறது. ஆகவே கொள்ளாது என்று முடிவுகட்டி, பலர் எம்பி3யாகச் சுருக்கி, அதையே ஆடியோ சிடியாக எழுதிவிடுகிறார்கள். இழப்பு அங்கே வீணாக நேர்கிறது. சிடியின் சிறு பகுதியான ஒரு செக்டரில் 2352 பைட்டுகள் உள்ளன. ஆடியோ சிடி அத்தனையையும் ஒலிக்கே கொடுக்கிறது. டேட்டா சிடி 2048ஐ மட்டும் கோப்புக்குக் கொடுத்து, எஞ்சிய 304 பைட்டுகளை அடையாளக் குறிகளுக்கும் கூடுதல் பிழைத் திருத்தத்துக்கும் வைத்துக்கொள்கிறது. எனவே ஏறத்தாழ 80 நிமிட ஒலி 700 எம்பி சிடியில் ஆடியோவாக அடங்கும்.

இதே கணக்கிலிருந்து மற்றொன்றும் புலப்படும். கூடுதல் பிழைத் திருத்தம் இல்லாத ஆடியோ சிடியில் கீறல் விழுந்தால், பிளேயர் படிக்க முடியாத சாம்பிள்களுக்கு அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்த மதிப்புகளை இட்டு ஓட்டும். நமக்குத் தெரியவே தெரியாது. ஆகவே காப்புப் பிரதியை ஃபிளாக் கோப்புகளாக டேட்டா டிஸ்கிலும் ஹார்ட் டிஸ்கிலும் வைத்துக்கொண்டு, ஆடியோ சிடியைக் கேட்பதற்கு மட்டும் எழுதுங்கள்.

ஆடியோ சிடியை ஐஎஸ்ஓவாக எடுப்பது

ஐஎஸ்ஓ என்னும் டிஸ்க் நகல் கோப்பு டேட்டா டிஸ்குக்கு உரியது. ஆடியோவுக்கு .bin, .cue கோப்புகள்.

சிடிஏ கோப்புகளை இழுத்துப் போடுவது

ஆடியோ சிடியைத் திறந்தால் கணினி காட்டும் அவை ஒவ்வொன்றும் 44 பைட்டுகள். உள்ளே பாட்டு இல்லை.

பழைய சிடியை அவசரமாகப் படிப்பது

கடற்கரை ஊரின் ஈரத்தில் பல ஆண்டுகள் கிடந்த சிடி-ஆரை (நாமே எழுதிய சிடியை) முழு வேகத்தில் கணினிக்கு ரிப் செய்து, பிழைச் செய்தி வரவில்லை என்பதால் சரியாக வந்துவிட்டது என்று நம்பக் கூடாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் மென்பொருளில் செக்யூர் முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் படித்து ஒப்பிட்டு, ஐயமுள்ள இடங்களை நேரத்தோடு பட்டியலிட்டுக் காட்டும். அந்த இடங்களை மட்டும் காதால் கேட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காத தகட்டை மற்றொரு டிரைவ் படிப்பதுண்டு என்பதால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் மின்னணுக் கடைகளில் பழைய டிவிடி ரைட்டர் நல்ல நிலையில் கிடைத்தால் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். தகட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் டிராக்கின் போக்கிலேயே விழும். பெயர் எழுதும் மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவும் ஒட்டுத்தாளும் வேண்டாம். ஒலியைத் தாங்கும் படலம் அந்தப் பக்கத்தில்தான், ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது.