அப்பாவின் முதல் ஆண்டுத் திதிக்கு முன் செய்ய வேண்டியவை

தந்தை இறந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் வரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஊரே திரண்டு நிற்கும். பந்தல் பிரித்த மறுநாளிலிருந்து தலைத்திவசம் வரை உள்ள மாதங்களுக்குத்தான் வழிகாட்ட ஆள் இருக்காது. குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்த எங்கள் அப்பாவை இழந்த ஆண்டில் நான் செய்தவற்றையும் தவறவிட்டவற்றையும் வைத்து, வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். திதி ஆண்டுதோறும் தானாக வந்து நிற்கும் என்பதால், காத்திருக்காமல் அழிந்து போகக்கூடியவற்றை முதலில் கவனியுங்கள்.

அவற்றில் முதலாவது குரல். ப்ரீபெய்டு எண் தொடர்ந்து 90 நாள் பயன்படாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். பிறகு அது வேறொருவருக்குப் போய்ச் சேரும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் செயல்படாமல் இருந்தால் நீக்கப்பட்டுவிடும். ஆகவே அப்பாவின் கைப்பேசியை யாருக்கும் கொடுத்துவிடாமல் சார்ஜ் போட்டு வைத்து, எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டு, அவர் அனுப்பிய குரல் பதிவுகள் யார் யாரிடம் உள்ளன என்று உறவினர் எல்லோரிடமும் கேளுங்கள். உரையாடலை மீடியாவுடன் ஏற்றுமதி செய்யும் வசதி வாட்ஸ்அப்பிலேயே உள்ளது. எடுத்ததைப் பென்டிரைவிலும் இன்னோர் இடத்திலும் சேமியுங்கள். நான் இதை நினைத்தபோது நான்காம் மாதம் ஆகியிருந்தது. என் கைப்பேசியையும் அதற்குள் மாற்றியிருந்தேன். சித்தியிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பதிவு: "மழ வர்றா மாதிரி இருக்குது, பாவு நாளைக்குப் போட்டுக்கலாம்னு சொல்லிடு." (பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்.) அதைத்தான் இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது காகிதங்கள். பள்ளிச் சான்றிதழ், கூட்டுறவுச் சங்கப் பாஸ் புத்தகம், கிரயப் பத்திரம், கூலிக் கணக்கு எழுதிய நோட்டு ஆகியவற்றைத் தனித்தனி உறையில் இட்டு, ஒவ்வோர் உறையின் மேலும் ஆண்டை எழுதுங்கள். நம் பகுதியில் இதற்கு ஒரு கூடுதல் குறிப்பும் தேவைப்படும். 1989ஆம் ஆண்டு வரை வட ஆற்காடு, பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், அதன் பிறகு வேலூர் என்று மாவட்டத்தின் பெயர் மாறியது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஆம்பூரை விட்டு எங்கும் குடிபெயராத ஒருவர் தம் காகிதங்களில் நான்கு மாவட்டக்காரராக இருப்பார். ஊர் ஒன்றுதான் என்று ஒரு தாளில் எழுதி வைக்காவிட்டால் பேரப்பிள்ளைகள் குழம்புவார்கள். பழைய ஸ்டுடியோ படம் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்தெடுக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவோடு வளர்ந்தவர்களைப் பார்க்கப் போவதைத் தள்ளிப் போடக்கூடாது. அத்தையிடமும் பெரியப்பாவிடமும் "எந்த ஆண்டு" என்று கேட்டால் பதில் வராது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்பா பின்பா, ஆற்றில் வெள்ளம் வந்த ஆண்டா, யாருடைய கல்யாணத்துக்கு அடுத்து என்று கேட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். அவர்கள் "நைனா" என்று சொன்னால் நைனா என்றே எழுதுங்கள். அதை "தந்தையார்" என்று திருத்தினால் பேசியவரின் குரலே போய்விடும்.

திதியைப் பொறுத்தவரை, சுவரொட்டியில் அச்சடித்த ஆங்கிலத் தேதி மட்டும் போதாது. உயிர் பிரிந்த நேரம், தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்பது, திதி ஆகிய நான்கையும் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரு திதி ஏறக்குறைய 19 முதல் 26 மணி நேரம் வரை நீடித்து, பகலிலோ இரவிலோ இடையில் மாறிவிடுவதால் நேரம் அவசியமாகிறது. ஒரே தமிழ் மாதத்தில் அதே திதி இரண்டு முறை வந்தால் எதைக் கொள்வது என்று உங்கள் புரோகிதரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திதியே தெரியாதவர்கள் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசையன்று கொடுக்கலாம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரியத்தன்று இரவு வீட்டு வாசலில் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் வட ஆற்காட்டுக் கிராமங்களில் உண்டு. மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போருக்குப் போகும் கர்ணன், அம்பு தைத்துக் கிடக்கையிலும் தான் செய்த புண்ணியத்தையெல்லாம் கிருஷ்ணனுக்குத் தாரை வார்ப்பதை, இறந்தவரின் பிள்ளைகள் விடிய விடிய அமர்ந்து பார்ப்பார்கள். அன்று வைக்க முடியாமல் போனவர்கள் ஆண்டு நினைவன்று வைக்கலாம். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும் காலம் என்பதால் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, முன்பே வெற்றிலை பாக்கு கொடுத்து நாள் குறித்துவிடுங்கள். அப்பாவின் தொழிலையும் சுபாவத்தையும் கூத்தில் வேடிக்கை பேசிக் கதையை நடத்தும் கட்டியக்காரனிடம் சொல்லி வைத்தால் பேச்சினிடையே ஏற்றபடி சேர்த்துக்கொள்வார். இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தரச் சொல்லாதீர்கள். அதற்குக் கூத்தே வைக்காமல் இருக்கலாம்.

பிளெக்ஸ் பேனருக்கு ஆகும் பணத்தை வேறு வழியில் செலவிடலாம் என்பது என் கருத்து. நாலு வெயிலில் அப்பாவின் முகம் வெளுத்து, ஒரு காற்றில் கிழிந்து, கடைசியில் யார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கோ கூரையாகும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்து காத்திருப்பவர்களுக்கு, உரிய அனுமதி பெற்று, ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கலாம். வீட்டுப் படையலில் அவருக்குப் பிடித்தது இருக்கட்டும்; எங்கள் இலையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு தவறாது.

சேகரித்தவற்றையெல்லாம் ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதி, உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் நகல் கொடுத்து, கடைசிப் பத்துப் பக்கங்களைக் காலியாக விடுங்கள். படையலுக்கு வருகிறவர்களில் யாராவது புதிதாக ஒன்றைச் சொல்வார்கள். அப்பாவுக்குப் பாவு பிணைக்க வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், தறி ஓடாத மாதங்களில் அப்பா தமக்குக் கூலி கொடுத்ததாகச் சொன்னார். கூலிக் கணக்கு நோட்டைத் தேடிப் பார்த்தேன். அந்த மாதங்களில் அவர் பெயருக்கு நேராக ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.