சாவி வாட்ச் நாளுக்கு 6 நிமிஷம் முந்தியது: என் அனுபவம்

17 கல் (தேய்மானம் குறைக்க உள்ளே பதித்த கற்கள்), மணிக்கு 18,000 துடிப்புள்ள, சாவி கொடுத்து ஓட்டும் வாட்ச் என்னுடையது. திடீரென நாளுக்கு 6 நிமிஷம் முந்த ஆரம்பித்தது. மதுரை வெயில்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். வெயிலால் சில வினாடி மாறலாம், 6 நிமிஷமெல்லாம் மாறாது.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கழுவி எண்ணெய் போட்டார்கள். பலனில்லை. பிறகு ரெகுலேட்டர் முள்ளை (ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்பு) மைனஸ் பக்கம், அதாவது மெதுவாக ஓடும் பக்கம், கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். அப்போதும் 2 நிமிஷம் முந்தியது. அங்கேயே காந்தமோ என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சாதாரண திசைகாட்டி ஒன்றின் மேல் வாட்சைப் பிடித்தால் திசைகாட்டியின் முள், பேலன்ஸ் வீலோடு (இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) சேர்ந்து துடிக்கிறது! அந்தச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிவிட்டது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஸ்பிரிங் நீளம் குறைந்ததுபோல் ஆகி ஓட்டம் வேகமாகும். ராத்திரி வாட்சை வைத்த இடம் ஸ்பீக்கர் மேல். அலமாரியில் கிடந்த 21,600 துடிப்பு ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு (கை அசைவிலேயே சாவி ஏறுவது) ஒன்றும் ஆகவில்லை. அதைவிட இது மட்டமான மெஷின் என்று திட்டியது தப்பு.

காந்தத்தை நீக்கும் கருவியான டீமேக்னடைசரின் பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெதுவாக ஒரு முழம் தூரம் விலக்கி, அப்புறம்தான் பட்டனை விட வேண்டும். பக்கத்திலேயே விட்டால் காந்தம் மறுபடி ஏறும்.

காந்தம் போனதும் 4 நிமிஷம் பிந்தியது. ரெகுலேட்டர் முள் இன்னும் மைனஸிலேயே இருந்ததே! பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது நாளுக்கு 15 வினாடிதான் முந்துகிறது.