பிரஷ் கட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு மெக்கானிக் சொல்வது

பொள்ளாச்சிப் பக்கம் மழை விட்டதும் தென்னந்தோப்பில் களை முழங்காலுக்கு மேல் ஏறிவிடும். வெட்ட ஆள் கிடைப்பதில்லை. அதனால் தோப்பு வைத்திருக்கும் பெரும்பாலானவர்கள் வீட்டில் இப்போது ஒரு பிரஷ் கட்டர் இருக்கிறது. என் பட்டறைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு அதுதான். அப்புறம் பவர் ஸ்பிரேயர், செயின் சா. வேலைக்குக் குறைவில்லை, ஆனால் மனசு ஆறவில்லை. வருவதெல்லாம் பழைய மெஷின் இல்லை. பெயிண்ட் கூட மங்காத மெஷின்.

"தம்பி, வாங்கி ஒரு வருசங்கூட ஆகலீங்க, அதுக்குள்ள நின்னுபோச்சு" என்று என்னைவிட மூத்தவர் ஒருவர் மெஷினை இறக்கி வைப்பார். "பாக்கறேனுங்கண்ணா" என்பேன். பிரித்தால் சிலிண்டர் போயிருக்கும். வாரன்டி கேட்டுப் போனால், சீஸ் ஆனதற்கு, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்ததற்கு, வாரன்டி கிடையாது என்று கடையில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். தேங்காய் விற்ற காசில் வாங்கிய மெஷின் அது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

முன்பு தோட்டங்களில் ஓடிய வில்லியர்ஸ் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு சிலிண்டர். தேய்ந்தால் லேத்துக்குக் கொண்டுபோய் ரீபோர் அடித்து, அதாவது சிலிண்டரை உள்ளே குடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் மறுபடியும் பல வருடம் தண்ணீர் இறைக்கும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் இன்றைய சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அலுமினிய சிலிண்டர், உள்ளே மெல்லிய பூச்சு. நல்ல கம்பெனி மெஷினிலும் இப்படித்தான், அதில் குற்றமில்லை. தோளில் தூக்குகிற மெஷின் எடை குறைவாக இருக்க வேண்டுமே. ஆனால் மலிவு மெஷினில் அந்தப் பூச்சு ஏனோதானோவென்று இருக்கிறது. ஒருமுறை உரிந்தால் ரீபோர் செய்ய வழியில்லை. சிலிண்டர், பிஸ்டன், ரிங் மூன்றும் புதிது. ஸ்டார்ட்டர் உள்ளே உலோகம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக். கிராங்க் பேரிங்கில் பெயர் தெரியாத சரக்கு. விலை குறைந்ததெல்லாம் இந்த இடங்களில்தான்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? முதலில் சிசி, அதாவது சிலிண்டரின் கொள்ளளவு. ஸ்டிக்கரில் 52, 58, 63 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, இன்ஜின் மேல் பொறித்திருக்கும் அல்லது தகட்டில் அடித்திருக்கும் மாடல் எண்ணைத் தேடுங்கள். சைனா இன்ஜின்களில் 1இ40எஃப் (1E40F), 1இ44எஃப் (1E44F) என்கிற மாதிரி இருக்கும். முதல் 1 என்றால் ஒரு சிலிண்டர், இ என்றால் டூ ஸ்ட்ரோக், 40 அல்லது 44 என்பது சிலிண்டர் விட்டம் மில்லிமீட்டரில், எஃப் என்றால் காற்றில் குளிர்வது. இந்த இரண்டு இன்ஜினிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 34 மி.மீ. கணக்குப் போட்டால் 40-க்கு 42.7 சிசி, 44-க்கு 51.7 சிசி வரும். அதே ஸ்ட்ரோக்கில் 63 சிசி வேண்டுமென்றால் விட்டம் 48 மி.மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 63 என்று ஒட்டிய மெஷினைப் பிரித்து வெர்னியர் அளவுகோல் வைத்தால் பிஸ்டன் 44 காட்டுகிறது. என் மேஜையில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இது ஏமாற்று வேலை, வேறு பெயர் கிடையாது. எண்ணே பொறிக்காத இன்ஜினை வாங்கவே வேண்டாம். நாளைக்கு என்ன பிஸ்டன் கேட்பீர்கள்?

அடுத்தது, கடைக்காரரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெட்டியோடு வாங்கி வராதீர்கள். கயிறை முதலில் மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் அழுத்தம் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். வழுவழுவென்று வந்தால் கம்ப்ரஷன் இல்லை. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். ஐடிலில் பிளேடு நிற்க வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் ஐடில் கூடுதலாக வைத்திருக்கிறார்கள், இல்லை கிளட்ச் ஸ்பிரிங் சரியில்லை. கால் பக்கத்தில் சுற்றுகிற பிளேடு, இதில் விளையாட்டு வேண்டாம். இன்ஜினை நிறுத்தியபின் பிளேடு ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுங்கள். பிளேடுக்கு மேலே இருக்கும் பல்சக்கரப் பெட்டிதான் கியர் ஹெட், புதிதில் அதில் ஆட்டம் இருக்கவே கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி: கார்புரேட்டர் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு), ஸ்டார்ட்டர் செட், கிளட்ச் ஷூ இந்த மூன்றும் இதே கடையில் கிடைக்குமா? "வரவழைத்துத் தருகிறோம்" என்றால் நடையைக் கட்டுங்கள். 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் கம்பெனி மெஷின் விலை அதிகம்தான். ஆனால் ஸ்பேர் கிடைக்கிறது, பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், குடிப்பதும் குறைவு. வாரம் முழுக்க ஓட்டுபவர் அதையே வாங்கலாம் என்பது என் கருத்து. ஒன்றுதான், அதில் இன்ஜின் ஆயில் வெறும் 100 மில்லி. தினமும் காலையில் அளவு பார்க்காமல் கயிறை இழுக்கக் கூடாது.

டூ ஸ்ட்ரோக் வாங்கினால் ஆயில் கலவைதான் உயிர். 1:25 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 1:50 என்றால் 20 மில்லி. எது என்று மெஷினோடு வரும் புத்தகம் சொல்லும். மூடியில் ஊற்றி, கண்ணால் மதிப்பிட்டு ஊற்றி, இதெல்லாம் வேண்டாம். மெடிக்கலில் மருந்து அளக்கும் கப் ஒன்று வாங்கி கேனிலேயே கட்டிவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்குக்கென்றே வரும் டூ டி (2T) ஆயில் மட்டும்தான், ஜாசோ எஃப்டி (JASO FD) என்கிற தரக்குறியீடு டப்பாவில் போட்டிருந்தால் நல்லது. பைக்குக்கு ஊற்றி மிச்சமான 20டபிள்யூ40 இதற்கு ஆகாது.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டூ டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஃபில்டர் கிடப்பது டேங்கின் அடியில். அடுத்த சீசனில் கயிறு இழுத்ததும் இன்ஜின் முதலில் குடிப்பது ஆயிலே இல்லாத அந்த அடித்தண்ணீரை. மலிவு மெஷினின் ரப்பர் ட்யூபும் டயஃப்ரமும் இதிலேயே விறைத்துப்போகும். அதனால் வேலை முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்கு எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காய்ந்திருக்கட்டும். கலந்த பெட்ரோலையும் அந்தந்த வாரத்துக்கு மட்டும் கலக்குங்கள்.

கியர் ஹெட்டில் பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றி 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை லித்தியம் கிரீஸ் அடையுங்கள். பல மெஷின்கள் கடையிலிருந்தே கிரீஸ் இல்லாமல்தான் வருகின்றன. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், தோப்புத் தூசியில் தினமும்.

மெஷின் நின்றுவிட்டால் உடனே கார்புரேட்டரைத் திருகாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, கரன்ட் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, ஃபில்டரையும் ட்யூபையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா, டூ ஸ்ட்ரோக் மெஷினில் சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் துவாரம் தெரியும். கயிறை மெதுவாக இழுத்து பிஸ்டன் பக்கச்சுவர் அந்த துவாரத்துக்கு நேராக வரும்படி நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் ஒரே சீராகப் பளபளவென்று, குறுக்கே மெல்லிய கடைசல் கோடுகளோடு இருந்தால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது. மேலும் கீழுமாகக் கீறல் விழுந்து, அலுமினியம் இழுவிய மாதிரி மங்கலாக இருந்தால் சீஸ் ஆகியிருக்கிறது. அந்த நிலையில் கார்புரேட்டர் சர்வீஸுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய மெஷின் விலைக்கு வாங்கும்போதும் இதையே செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

சீஸ் ஆன மெஷினுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சிலிண்டர் செட் விலையும் கூலியும் சேர்ந்து புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டால் நான் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன், அந்த வேலை எனக்குப் போனாலும் பரவாயில்லை. கிராங்க் பேரிங்கில் கரகர சத்தம் இருந்தால் பாதி விலைக்கும் கீழே இருந்தாலும் வேண்டாம், புது சிலிண்டரையும் அது கெடுத்துவிடும். கார்புரேட்டர், காயில், கியர் ஹெட், கிளட்ச் நான்கையும் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடல் பக்கத்துத் தோட்டத்தில் யாரிடமாவது கட்டாயம் இருக்கும்.